செத்த செல்லும் பவுண்டரித் தூசியும்

"எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சுங்களா டாக்டரு? அதுக்கு ஏதாச்சு டானிக் எழுதிக் குடுங்க."

முடக்குவாதம், லூபஸ் (தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) என்று நோயின் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் திருப்பூர்க்காரரும் பொள்ளாச்சிக்காரரும் என்னிடம் கேட்பது இதைத்தான். குறையவில்லைங்க, அது தன் உடம்பையே எதிரியாக நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது என்பேன். தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு உறவினர் சீந்தில் பொடியுடன் வந்து நிற்பார். கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். இப்படி உடம்பு தன்னையே அடிக்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கான போக்கு உடம்பில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு அது நோயைக் கிளப்பிவிடுகிறதோ என்பது அவர்கள் சந்தேகம். ஆகவே டானிக்கும் வேண்டாம், சக்திப் பவுடரும் வேண்டாம்.

சரி, உடம்பு தன்னையே ஏன் அடிக்கிறது? பரம்பரை, ஹார்மோன் என்று பல காரணங்கள் உண்டு. நோயாளிகளிடம் நாங்கள் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றி இங்கே சொல்கிறேன்: நம் செல்கள் எப்படிச் சாகின்றன என்பது.

பெரியவர் ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு 5,000 கோடிக்கு மேல் செல்கள் சாகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. வீட்டை ஒட்டி நிற்கும் பட்டுப்போன தென்னையை ஆள் ஏறிக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கினால் ஓடுகூட உடையாது. அதே மரம் ஆடிக் காற்றில் தானாக விழுந்தால் கூரையும் போகும், கரண்ட் கம்பியும் போகும். இரண்டிலும் மரம் போனது போனதுதான். செல்களும் இப்படி இரண்டு விதமாகச் சாகின்றன. முதல் வகைச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று 1972இல் பெயர் வைத்தார்கள். செல் தன்னைத்தானே சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும், மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல் வந்து விழுங்கிவிடும். இரண்டாவது வகையில் செல் வெடிக்கும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும், அக்கம்பக்கமெல்லாம் அழற்சி. இதில் பைரோப்டோசிஸ், நெக்ரோப்டோசிஸ் என்று பல பிரிவுகள். பைரோப்டோசிஸ் நடக்கும்போது செல்லின் தோலில் ஓட்டை போடுவது கேஸ்டெர்மின்-டி என்ற புரதம் என்பது 2015இல்தான் தெரியவந்தது.

இந்த வெடிப்பின் வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் யூரிக் ஆசிட் வாதத்தைப் பாருங்கள். கறாராகச் சொன்னால் அது தன்னெதிர்ப்பு நோய் கிடையாது, ஆனால் இயந்திரம் ஒன்றுதான். கிடாவிருந்து முடிந்த மறுநாள் விடிகாலை கால் கட்டைவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்று வருவார்கள். மூட்டில் சேர்ந்த யூரிக் ஆசிட் படிகத்தை மேக்ரோபேஜ் விழுங்கியதும் இன்ஃப்ளமசோம் என்ற எச்சரிக்கை மணி உள்ளே அடிக்கிறது. அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-1 வெளியே பாய்கிறது. அதற்கு நாங்கள் கொடுக்கும் கோல்சிசின் மாத்திரையின் மூலப்பொருள் நம் மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் கம்பியில் ஏற்றி வளர்க்கும் கண்வலிக்கிழங்கின் விதை. செங்காந்தள், நம் மாநில மலர். செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கோல்சிசின் கட்டிப்போடுவதால் வெள்ளையணுக்களால் மூட்டுக்குள் நகர்ந்து வர முடிவதில்லை, இன்ஃப்ளமசோமும் எளிதில் கூடுவதில்லை. செடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று யாரும் கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். கொல்லும் விஷம் அது. மாத்திரையையே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறைத்துத்தான் தருகிறோம்.

லூபஸில் சிக்கல் வேறு இடத்தில். செல்கள் அமைதியாகச் செத்தாலும் அள்ளிப்போட ஆள் பற்றாமல் போகிறது. சி1கியூ என்ற புரதம் இந்தத் துப்புரவுக்கு உதவுவது. அது பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடுகிறது. அள்ளாமல் கிடந்த செல்கள் உடைந்து உட்கருவின் டி.என்.ஏ. வெளியே கசிகிறது, அதற்கு எதிராகவே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. ரத்தப் பரிசோதனையில் நாங்கள் தேடுவதும் அதைத்தான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, கிருமியைப் பிடிக்கத் தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிவிட்டுச் சாகும் என்று 2004இல் பெர்லின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். லூபஸில் கிருமியே இல்லாமல் அந்த வலை வீசப்படுகிறது.

லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்லும். அள்ளுவதற்கு ஆளில்லாத உடம்பில் அதுவே நோயைக் கிளப்பிவிடும். மஞ்சள் வெட்டுக்கும் கடலை பறிக்கவும் போகிற அம்மிணியிடம் "வெயிலில் போகாதே" என்று எழுதிக்கொடுப்பது எழுதுகிறவருக்குச் சுலபம். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பத்து மணி முதல் நாலு மணி வரை நிழல் வேலை கேட்டு வாங்குவது என்று பேசினால்தான் ஏதாவது நடக்கும். அப்புறம் ஹைட்ராக்சிகுளோரோகுயின். "மலேரியா மாத்திரை உங்களுக்கு எதுக்குங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார் என்று பாதியில் விடுகிறவர்கள் ஏராளம். கசிந்த டி.என்.ஏ.வைப் பார்த்து உடம்பு அலறுவதை அடக்குவதே அந்த மாத்திரைதான். தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு வருடா வருடம்.

இனி தூசிக்கு வருகிறேன். கோவை பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் பெயர் போன ஊர். அந்த இரும்பு வார்ப்பெல்லாம் பவுண்டரி மணலில்தான் பிறக்கிறது. மோல்டிங் மணலிலும், வார்ப்பை உடைத்து எடுக்கும் நாக்-அவுட்டிலும், பிசிறு தேய்க்கும் பெட்லிங்கிலும் கிளம்பும் மென்தூசியில் சிலிக்கா என்ற மணல் தாது இருக்கிறது. கல் குவாரி, கிரஷர், கிரைண்டர் கல் கொத்தும் பட்டறை எல்லாவற்றிலும் இதே கதை. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடி வரை போகிறது. அங்கே மேக்ரோபேஜ் அதை விழுங்குகிறது. செரிக்க முடியவில்லை. அந்தச் செல்லின் வயிறு கிழிகிறது, இன்ஃப்ளமசோம் கிளம்புகிறது, செல் வெடிக்கிறது. சிலிக்காத் துகள் மட்டும் அப்படியே வெளியே வந்து விழ, அடுத்த மேக்ரோபேஜ் வந்து அதையே விழுங்குகிறது. பட்டறை வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் இது ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படித் தூசி பட்டவர்களுக்கு நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் மட்டும் வருவதில்லை. முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா, ரத்தக்குழாய் அழற்சி எல்லாமே அதிகம். முடக்குவாதமும் நுரையீரல் கட்டிகளும் சேர்ந்து இருப்பதை வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களிடம் காப்லன் என்ற மருத்துவர் 1953லேயே எழுதிவிட்டார். தூசியோடு பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு என்று ஸ்வீடன் ஆய்வு காட்டியது. முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி-சிசிபி என்ற ஆன்டிபாடி மூட்டு வலிப்பதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் தென்படும். நோய் நுரையீரலில் ஆரம்பித்துக் கைவிரலுக்கு வருகிறது என்று கருத அது ஒரு காரணம். பனியன் கம்பெனியிலும் நூல்மில்லிலும் இருக்கிறவர்கள் கவனிக்க: துணித் தூசியில் வேலை செய்யும் பெண்களுக்கு முடக்குவாதம் கூடுதலாக வருகிறது என்று மலேசியாவில் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் எங்கள் ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்றுதான் எழுதியிருக்கும். எந்தக் கூலி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே பட்டியலிட்டிருந்தது. கேட்காமல் எப்படி அறிவிப்பது?

முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துண்டும் இந்தத் தூசிக்குப் போதிய தடையில்லை. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 வேண்டும். மணலையும் கல்லையும் நனைத்து வேலை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றைச் சட்டையில் அடித்துத் தூசி தட்டுகிறார்களே, அதை இன்றே நிறுத்துங்கள். கீழே படிந்ததையெல்லாம் கிளப்பி மூக்குக்கு நேரே கொடுக்கிற வேலை அது. அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறவும் வேண்டாம்.

காலையில் எழுந்ததும் கைவிரல் மடக்க முடியாத இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து, சில வாரமாகியும் விடவில்லை என்றால் பேரில்லாத வலிப்பொடி வாங்கித் தின்று காலத்தைக் கடத்தாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தப் பட்டறை, எந்தப் பிரிவு, எத்தனை வருடம், பீடி உண்டா. பழைய நெஞ்சு எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.