கையில் ஒரே போன் இருப்பவர் கஸ்டம் ரோம் போடலாமா?

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் கம்பத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடும். குமுளி வழியாகச் சில, கம்பம்மெட்டு வழியாகச் சில. சாயங்காலம் அவை இறங்கி வந்த பிறகுதான் என் செல்போன் சர்வீஸ் கடையில் கூட்டம் சேரும். போன வருஷ மழைக்காலத்தில் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் வந்து போனை மேஜையில் வைத்தார்.

"அண்ணே, நெட்டு ஓடுது. வாட்ஸ்அப் வருது. ஆனா யாரு கூப்பிட்டாலும் விழ மாட்டேங்குது, நான் கூப்பிட்டாலும் போக மாட்டேங்குது. மேல டவர் சரியில்லைன்னு மூணு நாளா சும்மா இருந்துட்டேன். கங்காணி சத்தம் போடுறாரு."

சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன், கால் போனது. அப்படியென்றால் கோளாறு டவரில் இல்லை, செட்டில்தான். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பக்கத்தைத் திறந்தேன். அந்த மாடலுக்குக் கம்பெனி கடைசியாகக் கொடுத்த ஆண்ட்ராய்டைவிட இரண்டு படி மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு தம்பி இதுல கை வெச்சது?"

"சித்தப்பா பையன்ணே. மதுரையில காலேஜ் படிக்கிறான். ஸ்லோவா இருக்குன்னு சொன்னேன், ராத்திரியோட ராத்திரியா மாத்திக் குடுத்துட்டான். நல்லாப் பறக்குதுண்ணே. இது ஒண்ணுதான் குறை."

அவர் வைத்திருந்தது ஜியோ சிம். அந்த நெட்வொர்க்கில் 2ஜி, 3ஜி கிடையாது, அவர் போனில் குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதைத்தான் வோல்ட்டி என்கிறார்கள். வோல்ட்டி வேலை செய்வதற்கான துணுக்குகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் சாஃப்ட்வேருக்குள் தனியாக வைத்து அனுப்புகிறது. அந்தப் பையன் போட்டது கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வெளி ஆட்கள் செய்த ஆண்ட்ராய்டை ஏற்றுவது. அதில் அவை சரியாகப் பொருந்தவில்லை. இணையம் தனிப் பாதை என்பதால் ஓடிவிட்டது. 2ஜி உள்ள வேறு கம்பெனி சிம்மாக இருந்திருந்தால் கால் அதில் இறங்கிப் போயிருக்கும், இவருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு ரெட்மி நோட் 4 கிடக்கிறது. 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த போன், உள்ளே ஸ்னாப்டிராகன் 625. கம்பெனி அதை நூகட்டோடு, அதாவது ஆண்ட்ராய்டு 7ஓடு, கைகழுவியது. அதன் பிறகு வந்த ஆண்ட்ராய்டுகளை அதில் ஏற்றிக் காட்டியவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதே கையோடு லினேஜ்ஓஎஸ் என்று வேறு பெயரில் தொடர்ந்தார்களே, அந்த வகை ஆட்கள். அவர்கள் உழைப்பால் குப்பைக்குப் போகாமல் தப்பித்த போன்கள் ஏராளம். ஆகவே கஸ்டம் ரோம் என்றாலே வைரஸ், திருட்டு சாஃப்ட்வேர் என்று பயமுறுத்தும் கடைக்காரர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த ரோம் வேணும்?" என்பதில்லை. "உங்ககிட்ட வேற போன் இருக்கா?" என்றுதான்.

காரணம் பணம். கூலி இப்போது பலருக்குக் கணக்கில் ஏறுகிறது. கறிக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் திறக்கும்போது போனை ஒரு நோட்டம் விடலாம்: இது கம்பெனியிலிருந்து வந்த சாஃப்ட்வேர்தானா, பூட்லோடர் பூட்டு உடைபடாமல் இருக்கிறதா என்று. போன் ஆன் ஆகும்போது எந்த சாஃப்ட்வேரை உள்ளே விடுவது என்று பார்க்கும் வாசல் காவலாளிதான் பூட்லோடர். கூகுள் அதற்கு வைத்திருக்கும் சோதனையின் பெயர் பிளே இன்டகிரிட்டி. முன்பு சேஃப்டிநெட் என்று இருந்தது. கஸ்டம் ரோம் போட வேண்டுமென்றால் முதல் வேலையே பூட்லோடரைத் திறப்பதுதான், திறந்த போன் அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்காது. எவ்வளவு கறாராக இருப்பது என்பது அந்தந்த ஆப்காரர் முடிவு. சிலது கண்டுகொள்ளாது, சிலது வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதை ஏமாற்ற யூடியூபில் ஆயிரம் வழி சொல்வார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன், ஓடும். ஒரு நாள் காலையில் ஓடாது. 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13, அதற்கு மேற்பட்ட போன்களில் அந்தச் சோதனை சிப்புக்குள் இருக்கும் சாவியையே கேட்கிறது, இன்னும் இறுகிவிட்டது. லோயர் கேம்ப் தாண்டி மலையேறும் வண்டிக்கு டீசல் போட்டுவிட்டுப் போனை நீட்டும்போது ஆப் திறக்காமல் போனால், மதுரையில் தூங்கிக்கொண்டிருக்கும் தம்பியை எழுப்பியா அந்த ஏமாற்று ஃபைலை மாற்றச் சொல்வது?

பூட்லோடர் திறந்தால் வேறு சிலவும் போகும். பல போன்களில் ஓடிடி படம் தெளிவு குறைந்து 480 அளவுக்கு இறங்கிவிடும், ஏனென்றால் வைட்வைன் என்கிற காப்பு எல்1 நிலையிலிருந்து எல்3க்குப் போய்விடுகிறது. சாம்சங்கில் கஸ்டம் சாஃப்ட்வேர் ஏற்றினால் நாக்ஸ் என்கிற காவலின் ஃபியூஸ் சிப்புக்குள்ளேயே எரிந்துவிடும், அதை மாற்ற முடியாது. பிறகு கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும் படம், ஃபைல்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது. இதைச் சொல்லாமல் போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். திறக்கும் நொடியில் போனில் உள்ள எல்லாம் அழியும் என்பதையாவது சொல்ல வேண்டும். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவைத் தேடி வந்த ஒரு அக்காவுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சரி, கம்பெனி சாஃப்ட்வேரிலேயே இருந்தால் பாதுகாப்பா? அதற்கும் ஆயுள் உண்டு. 'அபவுட் போன்' பக்கத்தில் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும், இப்போதே எடுத்துப் பாருங்கள். 2015 ஆகஸ்ட் முதல் கூகுள் மாதாமாதம் ஓட்டை அடைக்கும் பட்டியல் வெளியிடுகிறது, உங்கள் போன் அதில் எந்த மாதம் வரை அடைத்திருக்கிறது என்பதுதான் அந்தத் தேதி. ஆறு மாதத்துக்குள் இருந்தால் ரோமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன். மூன்று வருடம் பழசு என்றால் பேச்சு வேறு. அப்போதும் பணப் பரிமாற்றம் ஓடும் ஒரே போன் என்றால், ரோமுக்கு அலைவதைவிட நீண்ட காலம் அப்டேட் தரும் போனாகப் பார்த்து மாறுவது நல்லது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வந்தபோது ஏழு வருடம் அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். குறைந்த விலை போன்களிலும் வருடக் கணக்கு ஏறியிருக்கிறது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

கஸ்டம் ரோம்காரர்கள் புதுத் தேதி காட்டுவார்கள். அது ஆண்ட்ராய்டு பகுதிக்கு உண்மைதான். அடியில் கிடக்கும், டவரோடு பேசும் மோடம், சிப் கம்பெனி கொடுத்த டிரைவர் என்கிற துணைச் சாஃப்ட்வேர் எல்லாம் பழைய கம்பெனி ஃபர்ம்வேர்தான். வீட்டுக்குப் புது ஓடு போட்டோம், அஸ்திவாரம் தாத்தா காலத்தது.

இன்னொன்று. "சாஃப்ட்வேர் போடணும்ணே" என்று வருகிற போன்களில் நிறைய, சாஃப்ட்வேர் கோளாறே இல்லாதவை. மழைக்காலத்தில் மேலிருந்து வரும் போன்களைப் பாருங்கள். காய் எடுக்கப் போகும் பெண்கள் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். வெளியே சாரல், பைக்குள்ளே வியர்வை. "தானா ஆஃப் ஆயி ஆன் ஆகுது, என்னமோ இங்கிலீஷ்ல எழுத்து வருது" என்பார்கள். அந்த எழுத்து ரெக்கவரி மெனு, போனைப் பழுது பார்ப்பதற்கான தனித் திரை. வால்யூம் பட்டனின் உள் பட்டைக்கு ஈரம் ஏறி, யாரோ விரலால் அழுத்திக்கொண்டே இருப்பதாகப் போன் நினைக்கிறது. பட்டன் அழுத்தியபடி ஆன் செய்தால் ரெக்கவரிக்குத்தானே போகும்? பின் மூடியைக் கழற்றி, பட்டையை ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தொட்டுப் பிரஷ்ஷால் துடைத்து, ஹாட் ஏரில் லேசாகக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்தது. இதே போனுக்கு வேறு கடையில் இரண்டு தடவை ஃப்ளாஷ் அடித்து, அதாவது சாஃப்ட்வேரை முழுசாக மறுபடி ஏற்றி, போட்டோவெல்லாம் போன பிறகு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

'ஸ்லோ' என்று வருவதில் பெரும்பாலானவை இடமில்லாதவை. 32 ஜிபி போன், வாட்ஸ்அப் மட்டும் பத்துக்கு மேல் தின்றிருக்கும், மிச்சம் ஒரு ஜிபி கூட இருக்காது. காலை வணக்கப் படங்களையும் கோயில் திருவிழா வீடியோக்களையும் அழித்துக் கொடுத்தால் "என்ன அண்ணே போட்டீங்க, இப்படிப் பறக்குது?" என்று கேட்பார்கள். ஒன்றும் போடவில்லை, எடுத்தேன்.

கம்பெனி சாஃப்ட்வேரையே திரும்பப் போடுவதிலும் கவனம் வேண்டும். இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த புதிது. லோகோவில் நின்றுபோன, மீடியாடெக் சிப் உள்ள போன், தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்காவுடையது. அந்த சிப் போன்களுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து சாஃப்ட்வேர் ஏற்றும் எஸ்பி ஃப்ளாஷ் டூலில் மூன்று வழி இருக்கும்: 'டவுன்லோட் ஒன்லி', 'ஃபர்ம்வேர் அப்கிரேடு', 'ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட்'. சுத்தமாக இருக்கட்டுமே என்று மூன்றாவதை அமுக்கினேன். பச்சை வட்டம் வந்தது, போன் ஆன் ஆனது, அக்கா காசு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே திரும்பி வந்துவிட்டார். சிம்மே எடுக்கவில்லை. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், இருக்க வேண்டிய இடம் வெறுமை. மோடத்தின் அளவீடும் ஐஎம்இஐ எண்ணும் குடியிருக்கும் என்விரேம் பகுதியையும் சேர்த்துத் துடைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டு அனுப்புகிறவர்கள் இருந்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள், செய்யச் சொல்லியும் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐயில் கை வைப்பதற்கு மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் போனை பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, செலவை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து என்விரேம் பேக்கப் எடுக்காமல் எந்த போனிலும் வயர் சொருகுவதில்லை. நீங்கள் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: "கம்பெனி ஃபைல்தானே? டவுன்லோட் ஒன்லியா, ஃபார்மட்டா? பேக்கப் எடுத்துட்டீங்களா?" இதைக் கேட்டதற்கு முறைத்தால் போனை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

எல்லாம் கேட்ட பிறகும், பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் போட்டுப் பார்க்கிறேன் என்கிறீர்களா? தாராளமாக. ஆனால் மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனி உள்ளுக்குள் வைத்திருக்கும் கோட்நேமைப் பாருங்கள். நான் சொன்ன ரெட்மி நோட் 4 என்ற பெயரிலேயே சீனாவில் ஹீலியோ எக்ஸ்20 சிப்போடு வேறொரு போன் உண்டு. நம்முடையது மிடோ, அது நிக்கெல். ஒன்றின் ஃபைலை மற்றதில் திணித்தால் போன் செங்கல்தான். 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் ஆன்டி ரோல்பேக் என்கிற, பழைய பதிப்புக்கு இறங்க விடாத தடை வந்தபோது, பழைய கம்பெனி சாஃப்ட்வேருக்கு இறங்கப் பார்த்த பலருடைய செட் அப்படியே டெட் ஆனது. பதிப்பு எண்ணைப் பார்க்காமல் கீழே இறங்காதீர்கள். ஷாவ்மி போன்கள் பலவற்றில் பூட்லோடர் திறக்க விண்ணப்பித்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், பழைய மாடல்கள் பலவற்றில் அது 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். அந்த இடைவெளியில் கொஞ்சம் படிக்கலாம். சில கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை. அங்கே குறுக்கு வழி தேடி டெலிகிராமில் யாரோ ஏற்றிய ஃபைலைப் போடுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுதான். கஸ்டம் ரோம் போட்ட பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்டிப் பார்க்கவும் வேண்டாம். பிக்சலில் கிராஃபீன்ஓஎஸ் மாதிரி அதற்கென்றே செய்தவை விதிவிலக்கு. மற்ற போன்களில் அந்த ஒரு கமாண்டில் கதை முடிந்துவிடலாம்.

ஜீப் தம்பி போனுக்கு வருவோம். கம்பெனி தளத்திலிருந்தே ஃபைல் இறக்கி, மோடம் பகுதியையும் அவருடைய படம், வீடியோக்களையும் பேக்கப் எடுத்து, பழைய சாஃப்ட்வேரைப் போட்டு, பூட்லோடரைப் பூட்டி, படங்களைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். முதல் கால் கங்காணிக்குத்தான் போட்டார். பேசி முடித்துவிட்டு, "அண்ணே, முன்ன மாதிரி பறக்கலையே" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். 64 ஜிபியில் 61 நிறைந்திருந்ததைக் காட்டினேன்.

அடுத்த வாரம் தன் பழைய உடைந்த டிஸ்ப்ளே போனைக் கொண்டுவந்து, "இதுலயாவது அந்த லினேஜைப் போட்டுக் குடுங்கண்ணே" என்றார். சிம் இல்லை, பேங்க் இல்லை, அழிய ஒன்றுமில்லை. போட்டுக் கொடுத்தேன். ஜீப் டேஷ்போர்டில் ரப்பர் பேண்டு கட்டி வைத்திருக்கிறார், விடியற்காலை மலையேறும்போது அதில்தான் பாட்டு ஓடுகிறதாம்.