குவாட்டர்பேக்: பொருள், பிறப்பு, தமிழில் என்ன சொல்லலாம்

கனடிய ஃபுட்பாலைப் பற்றித் (நம்முடைய கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) தமிழில் நாலு வரி எழுத நினைக்கிற யாரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சொல்லில்தான். பெரும்பாலும் குவாட்டர்பேக் என்று அப்படியே எழுதிவிடுகிறோம். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்டம் பார்த்திராதவருக்கு அது எதையும் சொல்வதில்லை, தமிழ்நாட்டு வாசகருக்குக் குவாட்டர் என்றதும் மதுக்கடைதான் நினைவுக்கு வரும். கனடாவின் தொழில்முறை லீகில் அடிக்கடி ஏதாவது ஓர் அணியில் "ரெண்டு பேருமே நல்லா ஆடுறாங்க, யாரை இறக்குறது" என்ற கேள்வி எழுந்து நகரமே இரண்டாகப் பிரிந்து பேசும். அது ஏன் அவ்வளவு பெரிதாகிறது என்பதும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற வேலை தெரிந்தால்தான் விளங்கும்.

வேலை இதுதான். கனடிய ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 12 பேர், களம் 110 கஜ நீளம், 65 கஜ அகலம். பந்து வைத்திருக்கிற அணி 10 கஜம் முன்னேற மூன்று முயற்சிகள் உண்டு, அமெரிக்க ஆட்டத்தில் நான்கு. ஒவ்வொரு முயற்சியும், நடுவில் நிற்கிறவர் குனிந்து பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் அனுப்புவதில் தொடங்கும். அதை வாங்குகிறவர் குவாட்டர்பேக். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து சொல்லி அனுப்புகிற திட்டத்தை மற்ற பதினோரு பேருக்கும் சொல்பவர் அவர், எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் அதை மாற்றுகிறவரும் அவர், பந்து கைக்கு வந்தபின் எறிவதா, பக்கத்தில் ஓடிவருகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுப்பவரும் அவர்தான். மூன்றே முயற்சிகள் என்பதால் முதல் முயற்சி வீணானால் உடனே கழுத்தில் கத்தி. மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள், ஆக உண்மையில் கையில் இருப்பவை இரண்டுதான்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? பழைய ரக்பியிலிருந்து. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர்களை அவர்கள் எவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்பதை வைத்தே அழைத்தார்கள். கடைசியில் நிற்பவர் முழு, நடுவில் நிற்பவர் அரை, வரிசையை ஒட்டினாற்போல நிற்பவர் கால், அதாவது குவாட்டர். ரக்பியில் முக்கால்கூட உண்டு. நம்முடைய கால், அரை, முக்கால், முழு அப்படியே பொருந்துகிறது.

1874இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போய் ரக்பி வகை ஆட்டத்தை ஆடிக்காட்டிய பிறகுதான் அமெரிக்கக் கல்லூரிகளில் அது வேர்பிடித்தது. 1880இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதி, தள்ளுமுள்ளுக்குப் பதிலாகப் பந்தை ஒருவர் பின்னால் அனுப்ப வேண்டும், அதை முதலில் வாங்குகிறவர் பெயர் குவாட்டர்பேக் என்று எழுதியே வைத்தது. அப்போது அவர் பந்தோடு முன்னால் ஓடக்கூடாது, முன்னோக்கி எறிவதற்கும் அனுமதி இல்லை. வாங்கிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். கனடாவில் இந்த மாற்றங்களை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் த்ரிஃப்ட் பர்ன்சைட் பெயரால் அழைக்கப்படும் விதிகள் 1903இல் ஒன்டாரியோவுக்குக் கொண்டுவந்தன. 12 பேர், 10 கஜம், மூன்று முயற்சிகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. முன்னோக்கி எறிவதை அமெரிக்கா 1906இல் ஏற்றது, கனடா 1931இல்தான் முழுதாக ஏற்றது. அதற்குப் பிறகு அந்தக் 'கால்' ஆளின் கையில் ஆட்டமே வந்து சேர்ந்தது, பெயர் மட்டும் நின்ற இடத்தைச் சொல்லிக்கொண்டு அப்படியே தங்கிவிட்டது.

தமிழில் கால்பின்னர் என்று சொல்லுக்குச் சொல் ஆக்கலாம்தான். ஆனால் காலால் உதைக்கிற ஆட்டத்தைக் கால்பந்து என்று சொல்லிப் பழகியவர் அதைக் காலோடு சேர்த்தே படிப்பார், அளவாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆட்டநாயகன் என்பதும் ஆகாது, ஆட்டம் முடிந்து விருது வாங்குகிறவருக்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. தலைவர் என்றால் கேப்டனோடு குழம்பும். என் தேர்வு ஏவுநர். ஏவு என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருளும் இருக்கின்றன: அம்பு ஏவுவது, ஏவுகணை ஏவுவது ஒன்று; 'போ', 'செய்' என்று ஆணையிடுவது இன்னொன்று, இலக்கணத்தில் ஏவல் வினை என்கிறோமே அது. எறிவதும் ஆணையிடுவதும் சேர்ந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏவலர் என்று மட்டும் எழுதிவிடக்கூடாது, அது ஆணைக்குக் கீழ்ப்படிகிறவரைக் குறிக்கும், நேர் எதிர்.

ஆட்டத்தைத் தொடங்குகிறவரைத் தொடக்க ஏவுநர் என்றும் ஓரத்தில் காத்திருப்பவரை மாற்று ஏவுநர் என்றும் சொல்லலாம். இருவரும் தகுதியானவர்களாக இருந்து யார் தொடக்கம் என்று முடிவாகாத நிலையை ஆங்கில இதழ்கள் குவாட்டர்பேக் சர்ச்சை என்கின்றன. சர்ச்சை என்றால் யாரோ தவறு செய்த மாதிரி இருக்கிறது. ஏவுநர் இழுபறி என்பதே சரி என்று நினைக்கிறேன்.

இந்த இழுபறியில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. வாரத்துக்கு ஓர் ஆட்டம், இடையில் சில நாள் பயிற்சி. பந்து பிடிக்கிறவர்கள் கனடிய ஆட்டத்தில் நடுவில் நிற்கிறவர் பந்தைப் பின்னால் அனுப்புவதற்கு முன்பே முன்னோக்கி ஓடத் தொடங்கலாம், அந்த ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் இடையிலான நேரக்கணக்கு ஒரே கையோடு பழகினால்தான் அமையும். பயிற்சியை இருவருக்கும் பாதிப் பாதி பிரித்தால் இருவருக்குமே அது அரைகுறையாகிவிடும். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் ஒருவருமே இல்லை என்று அந்த ஆட்டத்தில் ஒரு சொலவடை உண்டு, அதன் நியாயம் இதுதான். ஆனாலும் கனடாவின் வரலாறு அந்தச் சொலவடையை ஒப்புக்கொள்ளவில்லை.

1960இல் ஒட்டாவாவில் ரஸ் ஜாக்சன், ரான் லான்காஸ்டர் என்ற இரண்டு ஏவுநர்களும் ஒரே அணியில் இருந்தார்கள், அந்த ஆண்டே லீகின் இறுதியாட்டத்தில் கொடுக்கிற கிரே கோப்பையை வென்றார்கள். 1963 பருவத்துக்கு முன் ஒட்டாவா ஜாக்சனை வைத்துக்கொண்டு லான்காஸ்டரைச் சஸ்காட்செவனுக்கு அனுப்பியது. தவறான முடிவா? 1966 இறுதியாட்டத்தில் லான்காஸ்டர் 29-14 என்று ஒட்டாவாவை வீழ்த்திச் சஸ்காட்செவனுக்கு முதல் கோப்பையைக் கொடுத்தார். 1969 இறுதியாட்டத்தில் ஜாக்சன் 29-11 என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதோடு ஓய்வுபெற்றார். இரண்டு பேருமே சரியான தேர்வுதான், ஒரே இடத்தில் நீடிக்க முடியவில்லை என்பதே உண்மை.

1966 இறுதியாட்டத்தில் லான்காஸ்டரின் எறிதலைப் பிடித்துப் புள்ளி எடுத்தவர்களில் ஒருவர் ஹியூ கேம்பல். அவர் பின்னால் எட்மன்டன் பயிற்சியாளரானார். அங்கே அனுபவசாலி டாம் வில்கின்சன் இருந்தார், 1978இல் வாரன் மூன் வந்து சேர்ந்தார். கறுப்பின வீரரை ஏவுநராக வைக்க அமெரிக்கத் தொழில்முறை அணிகள் தயங்கிய காலம் அது. கேம்பல் யாரையும் விடவில்லை, இருவரையும் பயன்படுத்தினார், 1978 முதல் 1982 வரை ஐந்து கோப்பைகள் தொடர்ந்து வந்தன. அதில் 1981 இறுதியை எத்தனை தரம் சொன்னாலும் தகும். பருவத்தில் ஐந்தே ஆட்டங்கள் வென்றிருந்த ஒட்டாவா 20-0 என்று முன்னே போய்விட்டது. கேம்பல் மூனை வெளியே எடுத்து வில்கின்சனை இறக்கினார், இரண்டாம் பாதியில் மீண்டும் மூனைக் கொண்டுவந்தார், மூன் அணியைக் கரையேற்ற, கடைசி நொடிகளில் டேவ் கட்லரின் உதையில் எட்மன்டன் 26-23 என்று வென்றது. எடுத்த ஆளை அன்றைக்கே திரும்ப இறக்குவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், வெளியே உட்காரவைக்கப்பட்டவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்தால்தான் அந்த முடிவின் எடை தெரியும். வில்கின்சன் அந்தப் பருவத்தோடு ஓய்வுபெற்றார், மூன் அடுத்த ஆண்டே ஒரே பருவத்தில் எறிதலால் மொத்தம் 5,000 கஜம் எடுத்தார்.

2016இல் ஒட்டாவாவின் பயிற்சியாளர் ரிக் கேம்பல், ஹியூவின் மகன். அவரிடம் 41 வயது ஹென்றி பரிஸும் டொரன்டோவிலிருந்து வந்த ட்ரெவர் ஹாரிஸும் இருந்தார்கள். காயமும் ஃபார்மும் மாறிமாறி இருவருக்கும் வாய்ப்புக் கொடுத்தன, அணி 8 வெற்றி, 9 தோல்வி, 1 சமன் என்றுதான் முடித்தது. இறுதிக்குப் பரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு உடலைத் தயார்படுத்தும்போதே பரிஸுக்கு முழங்காலில் அடிபட்டது, அப்படியும் இறங்கி, 15 ஆட்டங்கள் வென்றிருந்த கால்கரியைக் கூடுதல் நேரத்தில் 39-33 என்று சாய்த்தார்.

என் பார்வையில் தொடக்க ஏவுநரைத் தெளிவாக அறிவித்துவிட வேண்டும், பயிற்சியில் பெரும்பங்கு அவருக்கே போக வேண்டும். ஆனால் மாற்று ஏவுநரை உள்ளே கொண்டுவரத் தயங்கக்கூடாது. 2019இல் வினிபெக் இன்னொரு வழியையும் காட்டியது. சாக் கொலாரோஸ் எறிவார், ஓட்டத்தில் வலுவான கிறிஸ் ஸ்ட்ரெவலர் இடையிடையே வந்து இடித்துக்கொண்டு முன்னேறுவார், தேவைப்பட்டால் அவரும் எறிவார். ஹாமில்டனை 33-12 என்று வென்று, 1990க்குப் பிறகு முதல் கோப்பையை அந்த அணி அப்படித்தான் எடுத்தது. அந்த இறுதியைத் தமிழில் எழுதினால் 'இரண்டு ஏவுநர்கள்' என்றே எழுதலாம், ஒருவரை மாற்று என்று தள்ள வேண்டியதில்லை.