தொடை தொட்ட இடத்தில் சுட்டது எது?

செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முதுகுவலிக்காக அவருடைய அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டு தொடைகளின் உட்புறத்திலும் 50 காசு நாணய அளவில் கொப்புளம், ஒன்றுக்கொன்று நேர் எதிரே. தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதால் வந்த தோஷம் என்கிறாராம் பெரியம்மா. "அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன். அம்மா போகவே மாட்டேன் என்கிறார். என்னதான் நடந்தது, அண்ணா?"

கொப்புளங்கள் நேர் எதிரே இருந்தன என்று எழுதினீர்களே, தங்கச்சி, விடை அதில்தான் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வலுவான காந்தப்புலத்தில் உடலின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒழுங்குபடுகின்றன. ரேடியோ அலை அவற்றைச் சாய்க்கிறது. அவை நிமிரும்போது தரும் சமிக்ஞையிலிருந்து படம் பிறக்கிறது. காந்தப்புலத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள். 1.5 டெஸ்லா கருவியில் அந்த அலை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 128. கோலாலம்பூரில் நாம் 96.3-இல் கேட்கும் மின்னல் எஃப்.எம். இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஆகவே இது எக்ஸ் கதிர் சுட்ட புண் அல்ல. ஆனால் வானொலி நிலையம் தொலைவில் இருக்கிறது; இங்கே அலையை வீசும் சுருளுக்குள்ளேயே நாம் படுத்திருக்கிறோம். உடல் சற்றுச் சூடாகத்தான் செய்யும். வழக்கமான ஸ்கேனில் உடல் அலையிலிருந்து ஏற்கும் ஆற்றல், முழு உடலின் சராசரியாக, ஒரு கிலோ எடைக்கு 2 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதைக் கணக்கிடத்தான் எடையைக் கேட்கிறார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

சராசரி வரம்புக்குள் இருந்தாலும் ஓரிடம் மட்டும் எரியலாம். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

மாறும் காந்தப்புலம் ஒரு வளையத்தின் ஊடே புகுந்தால் அந்த வளையத்தில் மின்னோட்டம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டார். ரேடியோ அலையிலும் அப்படி மாறும் காந்தப்புலம் உண்டு. வளையம் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உப்புநீர் நிறைந்த நம் உடலும் கடத்திதான். தொடைகள் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டால், இடுப்பிலிருந்து ஒரு தொடை வழியே இறங்கி, தொட்ட புள்ளியைக் கடந்து, மறு தொடை வழியே ஏறும் முழு வளையம் உருவாகிவிடுகிறது. வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டாலும் அதே கதை.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போனவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. அகன்ற வெளியில் காற்றாட நடந்து வந்த அதே கூட்டம் 272 படிகளின் அடிவாரத்தில் நெருங்கும்போது எப்படி இருக்கும்! தொடை முழுக்கப் பரவி வந்த மின்னோட்டமும் அப்படித்தான், நாணய அளவுத் தோலுக்குள் முண்டியடித்து நுழைகிறது. பாதை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் அங்கே நெரிசல் பத்து மடங்கு. வெப்பமோ நெரிசலின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நூறு மடங்கு. தொட்டுக்கொண்ட இரு பக்கமும் ஒன்றாக வேகின்றன. அதனால்தான் ஜோடிக் கொப்புளம்.

நடுவில் ஒரு துணியைச் செருகினால் போதுமா என்றால், மெல்லிய துணி போதாது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறைதான் திசை மாறுகிறது. இங்கே கோடிக்கணக்கான முறை. இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டத்துக்குத் தொடுகையே தேவையில்லை. இரு கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடை இருந்தால் அது மின்தேக்கியாகிவிடும். மின்னோட்டம் அதன் வழியே கடந்துவிடும். வியர்வையில் நனைந்த துணி என்றால் கேட்கவே வேண்டாம். தடை தடிக்கத் தடிக்கத்தான் வழி அடைபடும். ஆகையால்தான் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள உலர்ந்த திண்டைத் தொடைகளுக்கு நடுவிலும், முழங்கைக்கும் கருவியின் குழாய்ச் சுவருக்கும் இடையிலும் வைக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அதை வைக்கத் தவறியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அந்த மருத்துவமனையில் புகார் கொடுங்கள்.

இனித் தாலி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, பிறகு ஏன் கழற்ற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இழுக்காதுதான், ஆனால் தங்கம் மிக நல்ல கடத்தி. மல்லாந்து படுத்தவரின் நெஞ்சில் கிடக்கும் தாலிக்கொடி, ரேடியோ அலைக்கு முகம் காட்டி நிற்கும் ஒரு முழு வளையம். கழற்றியதால் புண் வரவில்லை; கழற்றாமல் இருந்திருந்தால் கழுத்திலும் வந்திருக்கலாம். பெரியம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர் பயந்து சொன்னதுதான். ஆனால் அந்தப் பயத்தால் ஒரு நோயாளி ஸ்கேனுக்கே போகாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியாது. செப்புத் தகடு வைத்த தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாம் வெளியேதான் இருக்க வேண்டும். தோலில் ஒட்டிக்கொள்ளும் சில மருந்துப் பட்டைகளின் முதுகில் அலுமினியப் படலம் உண்டு. மருத்துவரைக் கேட்டு எடுத்துவிடுங்கள். முகக்கவசத்தின் மூக்குக் கம்பி முகத்தைச் சுட்டதாக 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது: "சுட்டது, ஆனால் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டாராம்." கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருப்பார்கள். அதை அழுத்தினால் ஸ்கேன் எடுப்பவருக்கு அழைப்பு போகும். எதற்கென்று அம்மாவுக்குப் புரியும் மொழியில் யாராவது சொன்னார்களா? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கேன் அறை வாசலில் தமிழிலும் ஒரு தாள் ஒட்ட என்ன செலவாகிவிடும்? நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடே தெரியாது. அவர்களுக்குத் திண்டு இன்னும் முக்கியம்.

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துப் போங்கள். வெறுங்கழுத்து மனத்தை உறுத்தினால், தாலியை அடகு வைத்த காலங்களில் நம் பாட்டிமார் செய்ததுபோல, மஞ்சள் துண்டு கோத்த பருத்திக் கயிறு கட்டிக்கொள்ளட்டும். அதில் உலோகம் இல்லை என்று அங்கே காட்டிவிடுங்கள். போன முறை கொப்புளம் வந்ததைச் சொல்லி, கால்களுக்கு நடுவே திண்டு வைத்த பிறகே அறையை விட்டு வெளியே வாருங்கள்.