ஹோம்ஸ்டெட்: பண்ணை வீடா, குடிக்காணியா?

"எங்கள் கொள்ளுத்தாத்தா நெப்ராஸ்காவில் ஹோம்ஸ்டெட் எடுத்தார்." அமெரிக்கக் குடும்ப வரலாறுகளில் அடிக்கடி வரும் வரி இது. தமிழில் எழுதும்போது 'பண்ணை வீடு வாங்கினார்' என்று போட்டுவிடுகிறோம். அவர் எதையும் விலைக்கு வாங்கவில்லை. அவர் போய் இறங்கியபோது அங்கே வீடும் இல்லை, புல்வெளிதான் இருந்தது.

பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் வீடு, 'ஸ்டெடெ' என்றால் இடம். இரண்டும் சேர்ந்தால் வீடு இருக்கும் இடம். வீட்டையும் அது நிற்கும் நிலத்தையும் சேர்த்துச் சொல்லும் நம் 'மனை' இதற்கு வெகு அருகில் வருகிறது. பொதுவான பொருளில் வந்தால் மனை என்றே எழுதலாம்.

ஆனால் 1862 மே 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு இந்தச் சொல்லின் பொருள் விரிந்தது. 21 வயது நிறைந்தவர் அல்லது குடும்பத் தலைவர், 160 ஏக்கர் அரசு நிலத்துக்குப் பதிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். அங்கே வீடு கட்டி, உழுது, ஐந்து ஆண்டு குடியிருந்தால் நிலம் அவருக்கே சொந்தமானது. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்கூட எடுத்தார்கள். சுமார் 16 லட்சம் பேருக்கு இப்படி நிலம் கிடைத்தது. ஆகவே இங்கே ஹோம்ஸ்டெட் என்பது குடியிருந்து சம்பாதித்த நில உரிமை.

இதற்கு நான் பரிந்துரைப்பது 'குடிக்காணி'. காணி என்பது ஈழத்தில் இன்றும் நிலத்துக்கு அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் காணியாட்சி என்றால் வழிவழியாக வரும் நில உரிமை. குடி என்ற சொல்லில் குடியிருப்பும் இருக்கிறது, குலமும் இருக்கிறது. முன்னோரைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல் வேண்டும்? எடுத்தவரைக் 'குடிக்காணியாளர்' எனலாம். 'கன்னி நிலம்', 'ஆளில்லா நிலம்' போன்ற சொற்களை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அது லகோட்டா, பானி, ஓட்டோ போன்ற தொல்குடிகள் வாழ்ந்து, பின் அவர்களிடமிருந்து பறிபோன மண்.

இன்னொரு சிக்கல் 'பேட்டன்ட்'. நில ஆவணத்தில் இந்தச் சொல் வந்தால் பலரும் 'காப்புரிமை' என்று எழுதிவிடுகிறார்கள். இலத்தீன் வேரில் இதற்குத் 'திறந்திருப்பது' என்று பொருள். நிலம் இனி இவருக்கே சொந்தம் என்று, யாரும் படிக்கும்படி திறந்த மடலாக அரசு கொடுத்த சாசனம் அது. நம் வழக்கில் அது பட்டா, அவ்வளவுதான்.

பட்டாவில் பெயர், தேதி, நில அடையாளம் தாண்டி அதிகம் இருக்காது. குடும்பக் கதை கிடப்பது அதற்கு முந்தைய கோப்பில். ஐந்து ஆண்டு குடியிருந்ததை மெய்ப்பிக்க விண்ணப்பதாரர் எழுதிக் கொடுக்க வேண்டும், அக்கம்பக்கத்தவர் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதது, எந்த மாதம் குடிவந்தது, பிள்ளைகள் எத்தனை பேர், கிணறு வெட்டியது என்று அதில் பலதும் பதிவாகும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைத் தாள்களும் சேர்ந்திருக்கும். 1890 மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பிறகு இல்லாமல் போனது. அந்த இடைவெளியை நிரப்ப இந்தக் கோப்புகள் பெரிய துணை. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன.

சரி, பட்டா பட்டியலில் கொள்ளுத்தாத்தா பெயரே இல்லை என்றால்? தேடலை அங்கே நிறுத்திவிட வேண்டாம். வறட்சியாலோ கடனாலோ பாதியில் கிளம்பிப் போனவர்களின் கோப்புகளும் அதே காப்பகத்தில் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றை 'ரத்தான பதிவு' என்ற பொருளில் குறிக்கிறார்கள். தமிழில் 'கைவிட்ட காணி' என்று எழுதலாம்.