கன்சாலிடேஷன்: உடைமைத் திரட்சி

சொல்: கன்சாலிடேஷன். துறை: வணிகம், போட்டிச் சட்டம். பொருள்: ஒரு தொழிலில் பலர் கையில் சிதறிக் கிடந்த உடைமை, வாங்கலாலும் இணைப்பாலும் சிலர் கைக்குப் போய்ச் சேர்வது. தமிழில்: உடைமைத் திரட்சி. எந்தத் தொழில் என்பது முன்பே தெரிந்திருந்தால் திரட்சி என்றாலே போதும்.

அமெரிக்கப் பனிச்சறுக்குத் தொழில் பற்றிய பேச்சில் இந்தச் சொல் அடிபடாத பருவம் இல்லை. அடுத்து எந்த மலை விலைபோகும், வாங்கப்போவது இத்தொழிலின் இரு பெரிய நிறுவனங்களான வெய்லா ஆல்டெராவா என்ற ஊகம் ஒவ்வொரு கோடையிலும் கிளம்பும். அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் குழம்பிப் போகின்றன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட பனிச்சறுக்குத் தளங்கள் இயங்கின. இன்று 500க்கும் குறைவு. இதைத் திரட்சி என்று சொல்லிவிட முடியாது. மூடியவற்றில் பெரும்பாலானவை சிறு மலைகள். பனி பொய்த்தது, காப்பீட்டுச் செலவு ஏறியது, செயற்கைப் பனி தயாரிக்கும் கருவிகளுக்கு முதல் இல்லை, மூடினார்கள். மிஞ்சிய மலைகள் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் திரட்சியைப் பற்றிய கேள்வி.

வேரைப் பார்ப்போம். இலத்தீனில் ‘சாலிடஸ்’ என்றால் திண்மையானது, கெட்டியானது. ‘கான்’ என்ற முன்னொட்டு ‘ஒருசேர’ என்ற பொருளைத் தரும். இரண்டும் கூடி ‘ஒருசேரக் கெட்டிப்படுத்துதல்’ ஆயிற்று. (கான்ஸ்டன்டைன் பேரரசன் வெளியிட்ட பொற்காசின் பெயரும் சாலிடஸ்தான், அந்தக் காசைச் சம்பளமாக வாங்கியவன் பெயரே ஆங்கிலத்தில் சோல்ஜர் ஆனது.) ஆக, மூலச்சொல்லில் சேர்வது, இறுகுவது என்று இரண்டு செயல்கள் உண்டு. தமிழ்ச் சொல்லும் இரண்டையும் தாங்க வேண்டும்.

செய்தித்தாள்களில் அதிகம் புழங்குவது ‘ஒருங்கிணைப்பு’. கணக்கியலில் அது பொருந்தும். தாய் நிறுவனத்தின் கணக்கையும் துணை நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்துக் காட்டுவதை ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கை என்கிறோம். தொழில் முழுவதற்கும் இதைப் பயன்படுத்தினால் பொருள் நழுவிவிடும். பத்து மலைகளின் உரிமையாளர்கள் கூடிப் பேசி மீட்புப் பணியை ஒன்றாக நடத்தினாலும் அது ஒருங்கிணைப்புதான். அங்கே உடைமை கைமாறவில்லை. ‘கையகப்படுத்தல்’ என்பது அக்விசிஷன். தமிழ்நாட்டில் இச்சொல்லைக் கேட்டதும் சாலைக்கு நிலம் எடுக்கும் தாசில்தார் நோட்டீஸ்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் அதே இடத்தில் காணி ‘சுவீகரிப்பு’ நிற்கிறது. இரண்டிலும் கட்டாயத்தின் வாடை உண்டு. விற்பவர் இசைந்து விற்கும்போது ‘வாங்கினார்கள்’ என்று எழுதினால் ஒரு குறையும் வராது. மேலும், கையகப்படுத்தல் ஒரு நிகழ்வு. அப்படிப் பல நிகழ்வுகள் சேர்ந்து உண்டாகும் நிலைதான் கன்சாலிடேஷன். பங்குச் சந்தை வர்ணனையில் ‘நிஃப்டி கன்சாலிடேட் ஆகிறது’ என்பது வேறு பொருள்: விலை ஒரு வரம்புக்குள்ளேயே ஏறி இறங்குகிறது என்று அர்த்தம்.

‘திரள்’ என்ற வினையில் சேர்தலும் உண்டு, கெட்டியாதலும் உண்டு. கூட்டம் திரள்கிறது, மோரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறது. இலங்கை அரசமைப்பில் கன்சாலிடேட்டட் ஃபண்ட் ‘திரட்டு நிதியம்’ என்றே வழங்குகிறது. இன்னொரு வசதியும் இருக்கிறது. திரள்தல் தன்வினை, திரட்டுதல் பிறவினை. ஒரு தொழில் தானாக அந்த நிலைக்குப் போனால் திரட்சி. ஒரு நிறுவனம் திட்டமிட்டு ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் திரட்டல். ஆங்கிலத்தில் பின்னதற்குத் தனியாக ‘ரோல்அப்’ என்று ஒரு வழக்குச் சொல் தேவைப்பட்டது.

‘உடைமை’ என்ற அடையை விட்டுவிட வேண்டாம். கொலராடோவில் உள்ள வின்டர் பார்க் தளம் டென்வர் நகராட்சிக்குச் சொந்தம். நீண்ட காலக் குத்தகையில் அதை நடத்துவது ஆல்டெரா. பத்திரம் நகராட்சியிடம் இருந்தாலும் டிக்கெட் விலையை வைப்பது ஆல்டெரா. இங்கே உடைமை என்பது பத்திரத்தை மட்டும் குறிக்காது. விலையும் முதலீடும் யார் முடிவு என்பதையும் குறிக்கும்.

இந்தத் தொழிலில் திரட்சியின் எல்லா முகங்களையும் ஒரே மலையில் பார்க்க வேண்டுமானால் அரப்பஹோ பேசினைப் பார்க்கலாம். டென்வருக்கு மேற்கே, 1946இல் தொடங்கிய தளம் அது. 1990களில் பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் ஆகியவற்றோடு சேர்ந்து ரால்ஸ்டன் என்ற குழுமத்திடம் இருந்தது; நாய்த் தீவனம் விற்ற ரால்ஸ்டன் பியூரினாவிலிருந்து 1994இல் பிரிந்த குழுமம்தான். மூன்றையும் வெய்ல் வாங்க முனைந்தபோது அமெரிக்க நீதித் துறையின் போட்டிச் சட்டப் பிரிவு குறுக்கிட்டது. விமானத்தில் வந்து ஒரு வாரம் தங்குபவருக்குப் பல மாநிலங்களில் தெரிவு உண்டு. டென்வரிலிருந்து காலையில் காரில் போய் மாலையில் திரும்புபவருக்கு எட்டும் மலைகள் சிலவே. அந்த உள்ளூர்க்காரர்களைத் தனிச் சந்தையாக எடுத்துக்கொண்டு, ஒரு மலையை விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1997இல் இசைவு தந்தார்கள். விற்கப்பட்டது அரப்பஹோ பேசின்; வாங்கியது கனடாவின் டண்டீ ரியால்ட்டி.

உடைமை பிரிந்தது, பாஸ் பிரியவில்லை. பருவப் பாஸ் என்பது ஒருமுறை பணம் கட்டிப் பருவம் முழுவதும் பல மலைகளில் சறுக்க உதவும் சீட்டு. வெய்லின் பருவப் பாஸில் அந்த மலையும் தொடர்ந்து இடம்பெற்றது. வண்டி நிறுத்த இடம் இல்லாமல் கூட்டம் வழிந்ததால் 2019இல் அரப்பஹோ பேசின் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகி, வரம்புக்குட்பட்ட நாட்களோடு ஆல்டெராவின் ஐகான் பாஸில் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் ஆல்டெராவே அதை வாங்குவதாக அறிவித்தது, நவம்பரில் கைமாறியது. ஒரு திரட்டலைத் தடுப்பதற்காகப் பிரித்த மலை, 27 ஆண்டுகளில் இன்னொரு திரட்டலுக்குள் போய்விட்டது.

எனவே இத்துறையில் உடைமைத் திரட்சியையும், யாருடைய மலையானாலும் ஒரே பாஸில் சேர்வதாகிய பாஸ் திரட்சியையும் பிரித்தே எழுத வேண்டும். வெய்ல் 2008இல் 579 டாலருக்கு எபிக் பாஸை அறிமுகப்படுத்தியது. பனி விழுவதற்கு முன்பே, வசந்தத்திலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, பாஸ் விற்றுக் காசை வாங்கிவிடுகிறார்கள். பனி பொய்த்தாலும் டிக்கெட் வருவாயில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. இதன் பிறகு ஒரு மலையின் மதிப்பை அதன் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. அது எத்தனை பாஸ் விற்றுத்தரும் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 2012இல் மினசோட்டாவின் ஆஃப்டன் ஆல்ப்ஸையும் மிச்சிகனின் மவுண்ட் பிரைட்டனையும், 2016இல் சிகாகோவுக்கு அருகே வில்மாட்டையும் வெய்ல் வாங்கியது ஏன் என்று வியந்தவர்கள் உண்டு. சில நூறு அடி உயரமே உள்ள மேடுகள் அவை. ஆனால் அங்கே வார இறுதியில் சறுக்குபவர்தான் குளிர்கால விடுமுறைக்குக் கொலராடோ போகிறவர். உள்ளூர் மேட்டில் பாஸை விற்றால் விடுமுறைச் செலவும் அதே நிறுவனத்துக்கு வந்து சேரும்.

ஐகான் பாஸில் உள்ள மலைகளில் பல ஆல்டெராவுக்குச் சொந்தமானவை அல்ல. ஜாக்சன் ஹோல் அப்படி ஒன்று. பாஸ் பட்டியலை எண்ணி ‘ஆல்டெராவிடம் இத்தனை மலைகள்’ என்று எழுதுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

திரட்சியோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘கான்சன்ட்ரேஷன்’. இதற்குச் செறிவு என்பது சரி. திரட்சி நடைமுறை, செறிவு அளவை. அளக்கும் கருவி ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு: ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். ஒரு நகரத்துக்கு எட்டும் ஐந்து மலைகளின் பங்கு 30, 25, 20, 15, 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 900, 625, 400, 225, 100, கூட்டினால் 2,250. இதில் 20உம் 15உம் ஒரே கைக்குப் போனால் அவை 35 ஆகி, வர்க்கம் 1,225, மொத்தம் 2,850. ஏற்றம் 600. அமெரிக்க அரசின் 2023ஆம் ஆண்டு இணைப்பு வழிகாட்டு நெறிப்படி, குறியீடு 1,800ஐத் தாண்டி, ஏற்றமும் 100ஐத் தாண்டினால் அந்த இணைப்பு போட்டிக்குக் கேடு என்றே முதலில் கொள்ளப்படும்; அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு வாங்குபவருடையது.

கணக்கு எளிது, சந்தையின் எல்லையை வரைவதில்தான் வழக்கே நடக்கும். நாடு முழுவதும் என்று வரைந்தால் எந்த மலையின் பங்கும் சொற்பம். இரண்டு மணி நேரக் கார்ப் பயணம் என்று வரைந்தால் அதே மலை ராட்சதன். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் அருகே இரண்டு தளங்களை வைத்திருந்த நிறுவனம், 2021இல் பக்கத்தில் இருந்த டாகன்பர்க் மலையை வாங்கி மூடிவிட்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 2024இல் நீதிமன்றம் அது போட்டியை ஒழித்த செயல் என்றது. மூன்று சிறு மலைகள்தான். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு அதுவே முழுத் திரட்சி.

இனி ‘ஸ்பெகுலேஷன்’. இலத்தீனில் ‘ஸ்பெகுலா’ காவற்கோபுரம். உயரத்தில் நின்று நோட்டம் பார்ப்பதிலிருந்து பிறந்த சொல். தமிழில் ஊகம், பேச்சு வழக்கில் யூகம். விலை ஏறும் என்று நம்பிப் பணம் போடுவது ஊகவணிகம்; எந்த மலை விற்பனைக்கு வரும் என்று பேசுவது வெறும் ஊகம். ஊகத்துக்குச் சான்று இருந்தால் கணிப்பு என்று எழுதலாம், இல்லாவிட்டால் கூடாது. சான்றுக்கு எங்கே போவது? முதலாவது உரிமம். மேற்கு மாநிலங்களின் பெரிய மலைகள் பல, கூட்டரசின் வன நிலத்தில் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி வனத் துறை 40 ஆண்டுகள் வரை உரிமம் தரும். அந்த உரிமம் விற்பனையோடு தானாகக் கைமாறாது. புது உரிமையாளர் புதிதாக விண்ணப்பித்து, பண வசதியையும் தொழில் அறிவையும் காட்ட வேண்டும். அந்த விண்ணப்பம் ஒரு சான்று. இரண்டாவதாக, உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். தனியார் முதலீட்டு நிதியம் என்றால் வழக்கமாகப் பத்தாண்டுக்குள் முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். விற்பனை எப்போது என்பதுதான் கேள்வி. பழைய குடும்பம் என்றால், தேய்ந்த லிஃப்ட்டை மாற்றும் செலவுதான் பலநேரம் விற்கத் தூண்டுகிறது. வேகமான புதிய நாற்காலி லிஃப்ட் ஒன்றுக்கு ஒரு கோடி டாலர் வரை ஆகும்.

மூன்றாவது குத்தகை. யூட்டாவின் பார்க் சிட்டி மலையில் மேல் சரிவுகள் டாலிஸ்கர் நிறுவனத்தின் நிலம்; அடிவாரமும் வண்டி நிறுத்தமும் மலையை நடத்திய பவ்டர் நிறுவனத்துடையவை. 2011இல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதத்தைப் பவ்டர் கெடு தாண்டிச் சில நாட்கள் கழித்துக் கொடுத்தது. வழக்கு மூண்டது. இதற்கிடையில் 2013இல் டாலிஸ்கரோடு ஒப்பந்தம் செய்து வெய்ல் நுழைந்தது. தீர்ப்பு பாதகமாகப் போக, 2014இல் பவ்டர் அடிவாரத்தை 18.25 கோடி டாலருக்கு வெய்லிடம் விற்று வெளியேறியது. பக்கத்து கேன்யன்ஸ் தளத்தோடு இணைந்து அது 7,300 ஏக்கர் ஆயிற்று. அந்த விற்பனையை முன்கூட்டியே கணித்தவர்கள் நம்பியது வதந்தியை அல்ல, நீதிமன்ற ஆவணங்களை.

எதிர்ச்சொல்லும் வேண்டும். திரண்டது பிரிந்தால் ‘திரட்சிக் கலைவு’ எனலாம். அமெரிக்கன் ஸ்கீயிங் கம்பெனி 1996இல் நியூ இங்கிலாந்தின் கில்லிங்டன் உள்ளிட்ட மலைகளைக் கடனில் வாங்கித் திரட்டியது. அடுத்த ஆண்டே மேற்கே ஹெவன்லியையும் ஸ்டீம்போட்டையும் சேர்த்தது. வட்டி வருவாயை விழுங்கியது. 2002இல் ஹெவன்லி வெய்லுக்குப் போயிற்று. 2008க்குள் ஸ்டீம்போட், கில்லிங்டன் உட்பட எல்லாம் விலைபோய், நிறுவனமே கலைந்தது. கில்லிங்டனை வாங்கிய பவ்டர் 2024இல் அதை உள்ளூர் முதலீட்டாளர் குழு ஒன்றிடம் விற்றுவிட்டது.