டயருக்குள் பிறக்கும் வெயில்

அபுதாபியிலிருந்து அல் அய்ன் போகும் நெடுஞ்சாலையில் ஜூலை மாதம் ஒரு தடவை போய்வந்தால் போதும். சாலையோரம் கறுப்பாகச் சுருண்டு கிடக்கும் ரப்பர் பட்டைகள் கண்ணில் படும். சில பட்டைகள் ஓர் ஆள் நீளம் இருக்கும். கிழிந்த ஓரத்தில் மெல்லிய எஃகு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு வண்டியின் டயரில் பட்டன் பகுதி, அதாவது தரையைத் தொடும் வெளிப்புற ரப்பர், மட்டும் தனியே உரிந்து விழுந்தது அது. "ரோட்டுச் சூட்டுல டயர் உருகிடுச்சு" என்று வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம்மவர்கள் சொல்வதுண்டு.

சாலைச் சூடு லேசுப்பட்டதல்ல. குவைத்தின் மித்ரிபா நிலையத்தில் 2016 ஜூலை 21 அன்று நிழலிலேயே 53.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட வெயிலில் கறுத்த தார்ச்சாலை 70 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனாலும் அந்தச் சூட்டில் டயர் உருகாது. தொழிற்சாலையில் அச்சுக்குள் ஏறக்குறைய 150 டிகிரிக்கு மேல் வெந்துதான் டயரே உருவாகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வழி இது: கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும். அதன்பின் அந்த ரப்பர் மெழுகுபோல் இளகி ஓடாது. டயரை உரித்துப்போடும் சூடு சாலையிலிருந்து ஏறுவதைவிட, டயரின் உடம்புக்குள்ளேயே உண்டாவதுதான் அதிகம்.

ரப்பர் பந்து ஒன்றைக் கீழே போட்டுப் பாருங்கள். விட்ட உயரத்துக்கு அது திரும்பி வருவதில்லை. குறைந்துபோன அந்த உயரத்துக்கான ஆற்றலில் பெரும்பகுதி ரப்பருக்குள் வெப்பமாக மாறிவிட்டது. டயரிலும் இதுவே நடக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் டயர் சப்பையாகிறது. தரையை விட்டு மேலே வந்ததும் பழைய வடிவத்துக்கு வருகிறது. காரின் டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றே கூடுதலாக நகரும். 120 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதினாறு சுற்று. அதாவது, டயரின் ஒவ்வொரு துணுக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடங்கலிலும் கொஞ்சம் வெப்பம் தேங்குகிறது. ரப்பரோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். உள்ளே பிறந்த சூடு உள்ளேயே நிற்கும்.

இதில் பாலைவனத்தின் பங்கு என்ன? டயர் ஆறுவது சுற்றியுள்ள காற்றை நம்பித்தான். உதாரணத்துக்கு, ஒரு குறிப்பிட்ட வேகத்திலும் பாரத்திலும் ஒரு டயர் வெளிக்காற்றைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி குளிரும் ஊரில் அது 60இல் நிற்கும். அல் அய்னின் 46 டிகிரி மதியத்தில் 86 ஆகிவிடும். அதே டயர், அதே ஓட்டம்தான்.

அந்தச் சூடு டயர் முழுக்க ஒரே சீராகவும் இருப்பதில்லை. இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் வகை டயரின் பட்டனுக்கு அடியில் எஃகு இழைப் பட்டைகள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகின்மேல் ரப்பர் ஒட்டிக்கொள்வதற்காக அந்த இழைகளுக்குப் பித்தளைப் பூச்சு உண்டு. இந்தப் பட்டைகளின் ஓரம், அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் டயரின் தோள்பட்டைக்கு உள்பக்கம், மற்ற இடங்களைவிட அதிகமாக இழுபடுகிறது. ரப்பர் தடிமனாக இருப்பதும் அங்கேதான். ஆகவே சூடும் அங்கேதான் சேர்கிறது. முதல் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே விழும். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஊர்ந்து போகும். ஒருநாள் மேல்பட்டை பட்டனோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு பறக்கும். சாலையோரத்துக் கம்பி இழைகளின் கதை இதுதான்.

வளைகுடாவில் பரவலாக நடக்கும் ஒரு தவறு இங்கேதான் வருகிறது. வெயில் காலத்தில் காற்று விரிவடையும், டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைப்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் தலைகீழ். விடியற்காலை 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) நிரப்பிய டயர், ஓடிச் சூடேறி உள்காற்று 65 டிகிரியைத் தொட்டால் 38 அல்லது 39 காட்டும். அந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் டயரை வடிவமைக்கிறார்கள். நல்ல டயருக்கு இந்த ஐந்தாறு பிஎஸ்ஐ ஒரு பொருட்டே இல்லை. மாறாக, மதியம் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, 55 டிகிரிச் சூட்டில் இருக்கும் டயரில் சரியாக 33 காட்டும்படி காற்றை இறக்கினால், அடுத்த நாள் விடியலில் அதில் 29தான் இருக்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பரைவிடப் பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுதான். காற்று குறைந்தால் டயர் கூடுதலாக மடங்கும். கூடுதலாக மடங்கினால் கூடுதலாகச் சூடாகும். சூட்டுக்குப் பயந்து காற்றைக் குறைப்பவர், அந்தச் சூட்டைத் தானே கிளப்பிவிடுகிறார்.

காற்று மிகவும் குறைந்து வேகமும் கூடினால் இன்னொரு விபரீதம். தரையை விட்டு எழும் ரப்பருக்கு, அடுத்த சுற்று வருவதற்குள் நிமிர நேரம் கிடைப்பதில்லை. டயரின் பின்பக்கம் அலை அலையாக நெளியத் தொடங்கும். பார்ப்பதற்கு அலைகள் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். ரப்பர் அவற்றின் வழியே ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலை வந்துவிட்டால் சூடு கிடுகிடுவென ஏறி, சில நிமிடங்களிலேயே டயர் சிதறிவிடலாம். 160 கிலோமீட்டர் வரை அனுமதி உள்ள சாலைகள் இருக்கும் நாட்டில் இது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை.

இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. பட்டன் உரிந்து வண்டி கவிழ்ந்த விபத்துகள் அரிசோனா, டெக்ஸஸ், கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்தன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் நிறுவனம் 30 வேண்டும் என்றது. யார் மேல் குற்றம் என்று இரு நிறுவனங்களும் நீண்ட காலம் மோதிக்கொண்டன. அமெரிக்க விசாரணையோ, டயரின் எஃகுப் பட்டை ஓரத்து விரிசலைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்காவில் செய்தி வெடிப்பதற்கு ஓராண்டு முன்பே, 1999இல், சவூதி அரேபியாவில் ஃபோர்டு அந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பாலைவனம் முன்கூட்டியே சொல்லிவிட்டது, கேட்டவர்கள்தான் குறைவு.

அந்த விவகாரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் அமெரிக்கக் கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. ஆனால் அங்குள்ள விதிப்படி, சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகே விளக்கு எரிந்தால் போதும். 33 வேண்டிய டயர் 25க்கு இறங்கும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். அதை நம்பிக் காற்றுப் பார்க்காமல் விடுவது சரியில்லை. மாதம் ஒருமுறை, வண்டி எடுப்பதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயருக்கான உச்சவரம்பு. உங்கள் வண்டிக்கான அளவு அது இல்லை.

மணல்மேட்டில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் மட்டும் வேண்டுமென்றே காற்றை இறக்குவார்கள், 15 பிஎஸ்ஐ அளவுக்குக்கூட. டயர் நீளவாக்கில் பரந்து, பாரம் பரவி, மணலில் புதையாது. ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920களிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்தைக் கார்களில் கடந்தபோது கைக்கொண்ட உபாயங்களில் இதுவும் ஒன்று. மணலில் வேகம் குறைவு என்பதால் டயர் பிழைத்துக்கொள்ளும். அபுதாபியின் லிவா மணல்மேடுகளில் விளையாடிவிட்டு, காற்று நிரப்பாமல் அப்படியே நெடுஞ்சாலையில் ஏறி 120இல் விரட்டுவதில்தான் ஆபத்து.

அடுத்தது வயது. இதை டயரின் பட்டன் காட்டிக்கொடுக்காது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றின் ஆக்சிஜன், டயரின் உள்சுவரை ஊடுருவி எஃகுப் பட்டைகளுக்கிடையே உள்ள ரப்பரை அடைகிறது. அங்கே ரப்பர் கெட்டிப்பட்டு நெகிழ்வை இழக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மேலே சொன்ன 60, 86 கணக்கில் மூப்பு ஆறு மடங்கு வேகத்தில் வருகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஓடிய டயர்களைச் சேகரித்து அறுத்துப் பார்த்தே இதையெல்லாம் ஆராய்ந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையிலான கணக்கையும் அது வெளியிட்டது: வெப்பம் மிகுந்த ஐந்து மாநிலங்களில் வாடிக்கையாளர்கள் 27 சதவீதமே, டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்து வந்தன. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயது தாண்டிய டயர்கள்.

வயதைப் பார்ப்பது எளிது. பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் தேதி இல்லையென்றால் குனிந்து உள்பக்கம் தேடுங்கள். புது டயர் வாங்கும்போது கடையில் வைத்தே பாருங்கள். கிடங்கில் இரண்டு கோடை கழித்த டயரைப் புதிது என்று தலையில் கட்டுவார்கள். அமீரகத்தில் காலாவதியான அல்லது தகுதியற்ற டயரோடு பிடிபட்டால் 500 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 4 கறுப்புப் புள்ளி, ஒரு வாரம் வண்டி முடக்கம்.

வெளித்தோலைக் காக்க டயருக்குள்ளேயே ஏற்பாடுகள் உண்டு. அதன் கறுப்பு நிறத்துக்குக் காரணமான கரித்தூள் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். காற்றிலுள்ள ஓசோன் வாயு ரப்பரைக் கீறாமலிருக்க மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போது இவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு நடக்காது. வெயிலில் விட்ட காரின் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடுவது அதனால்தான். பளபளப்புக்காகப் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பாலிஷ் போடுவது இந்த மெழுகையே கழுவி எடுத்துவிடக்கூடும். சோப்புத் தண்ணீர் போதும்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்பது டயர் கடையில் தவறாமல் வரும் கேள்வி. ஆக்சிஜன் இல்லாததால் உள்மூப்பு குறையும், கசிவும் சற்றுக் குறைவு, இவை உண்மை. சூட்டில் அழுத்தம் ஏறாது என்பது கட்டுக்கதை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே. இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம்.

ஊருக்கு இரண்டு மாத விடுப்பில் போகிறவர்கள் வண்டியை நிழலிலோ கட்டடத்தின் அடித்தள நிறுத்தத்திலோ விட்டு, காற்றைச் சரியாக நிரப்பிவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் ஓட்டும் முன் மறுபடி பார்க்க வேண்டும். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்டெப்னிக்கும் வயதாகிறது என்பது ஃபீனிக்ஸ் ஆய்வில் தெரியவந்த விஷயம். காற்று அடைத்து வைத்திருக்கிறதே, ஆக்சிஜன் உள்ளிருந்து அரிக்கத்தானே செய்யும். பட்டன் புத்தம்புதிதாக இருக்கும் எட்டு வயது ஸ்டெப்னியை வழியில் மாட்ட நேர்ந்தால், அடுத்த டயர் கடைவரை மெதுவாக ஓட்டிப் போய், அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.