கிரைண்டரைக் கீழே வையுங்கள்

திரும்பவும் துரு எடுத்த ஒரு சீவுளி, மரம் சீவும் ஆயுதம். தாத்தாவுடையதாம், உருக்குக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம் ஷெஃபீல்டின் முத்திரை போட்டது. பேரன் இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் துண்டுகள் அடுக்கிய வட்டு) பூட்டி, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறார். "மாஸ்டர், துரு முழுக்கப் போயிட்டுது. ஆனா சீவுதே இல்ல."

எப்படித் தம்பி சீவும்? சீவுளியின் அடித்தளத்தில் அடிமட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. நல்ல சீவலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுகூட இராது. அரை மில்லிமீற்றர் பள்ளம் விழுந்த தளம் அதை எப்படி எடுக்கும்?

துரு போனதற்கு அடையாளம் பளபளப்பு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. சிவப்புத் தூள் கையில் ஒட்டவில்லையா? போதும், துரு போய்விட்டது. மிச்சமாக நிற்கும் கருமையும் சாம்பல் நிறமும் ஒரு கெடுதலும் செய்யாது. சீவுளியின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளும் அப்படித்தான். குழி மறையும்வரை தேய்ப்பதென்றால், குழியின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள நல்ல இரும்பு முழுவதையும் எடுத்து எறிகிறீர்கள். துரு தின்றதைவிட நீங்கள் தின்றது கூட. குழி தொல்லை தரும் இடம் ஒன்றே ஒன்று: உளியின், சீவுளி அலகின் தட்டைப் பின்பக்கத்தில், வெட்டும் முனைக்கு அருகே. அந்தக் கொஞ்ச இடத்தைக் கல்லில் தட்டையாகத் தேய்த்தால் சரி.

அலகில் கிரைண்டர் பட்டு நீலம் பூத்தால் கதை முடிந்தது. அந்த நிறம் வர ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும். அந்த இடத்தில் பதம், அதாவது உருக்கின் கடினம், போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து மறைத்தாலும் பதம் திரும்பி வராது.

அடுத்தது, மலசலகூடம் கழுவும் அசிட்டில் இரவு முழுக்க ஊறவைக்கும் கூட்டம். அதன் புகை அதே அறையில் தொங்கும் மற்ற ஆயுதங்களையும் துருப்பிடிக்க வைக்கும். அந்த வாளியில் ப்ளீச் ஊற்றினால் குளோரின் வாயு வரும். உயிர் போகும்.

நான் செய்வது இது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அசிட் தூள். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் வினாகிரி. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். பிடியைக் கழற்றிவிட்டு ஊறவையுங்கள். மணிக்கொரு தரம் எடுத்துப் பாருங்கள். போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள், அதுவும் அசிட்தான். பழைய பல்துலக்கியால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே ஹெயார் டிரையரால் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். கொழும்புக் காற்றில் "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று போனால், வரும்போது மஞ்சள் பூத்திருக்கும்.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். வாகனத்தில் கழித்த ஒயில் வேண்டவே வேண்டாம். அதற்குள்ளேயே அசிட் இருக்கிறது, தோலுக்கும் கூடாது. வெள்ளவத்தையில் கடல் பார்த்த பல்கனியில் ஆயுதப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு எந்த எண்ணெயும் காணாது. உள்ளே கொண்டுபோய் வையுங்கள்.

பெரிய மெஷின்களின் வார்ப்பிரும்பு மேசைக்கும் கிரைண்டர் ஆகாது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மண்ணெண்ணெய் தடவி, நேரான மரக்கட்டையில் 400 நம்பர் தண்ணித்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றித் தேய்த்தால் மேசை தட்டையாகவே இருக்கும். நேரம் எடுக்கும்தான். வயர் பிரஷைக் கிரைண்டரில் பூட்டி அவசரப்படுகிறவர்களே, அந்தக் கம்பி கழன்று பறக்கும், கண்ணாடி போடுங்கள்.

பழைய மெஷின்களின் பச்சை, சாம்பல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, வழித்ததைக் கட்டி எறியுங்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.